ஓநாயைப் பன்னிரண்டாகப் பங்கிடுவது

பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் போகிறவன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது பியானோவை அல்ல, பிரிட்ஜை. அது ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தால் கீழ்க் கட்டைகள் என்ன சொல்கின்றன என்றே கேட்காது. மின்விசிறி, ஏசி, மீன்தொட்டி மோட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி உண்டு. அதில் ஒன்றும் எனக்குப் பிடித்த சுருதி இல்லை. பஸ்ஸில் போனால் என்ஜினின் சுருதி மாறும்போதெல்லாம் எழுந்து நிற்கவேண்டும்போல இருக்கும். சொட்டுகிற குழாயை நிறுத்தாமல் படுக்கமுடியாதவர்கள் உங்களில் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நமக்கெல்லாம் ஒரே வியாதி.

நான் யாழ்ப்பாணம். பெயர் நந்தன். இத்தாலியில், பலெர்மோவின் ஒரேத்தோப் பக்கம் குடியிருக்கிறேன். வந்த புதிதில் மாடிப்படி கழுவினேன். பிறகு அதே மாடிப்படிகளில் பியானோ தூக்கினேன். தூக்கி இறக்கிய பியானோ சுருதி விலகி நிற்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கமுடியாமல் வாயைத் திறந்ததால், கம்பி முறுக்குகிற சுருதிச் சாவியையே கையில் தந்துவிட்டார்கள். பட்டறை மரீசாவுடையது. என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிட இருபது மடங்கு பேசுவாள், ஓகஸ்ட் வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கொஞ்சக் காலமாக அவள் சாவியைத் தொடுவதே இல்லை. போன் எடுக்கவே நேரம் போதவில்லை என்பாள். தூக்குகிற வேலைக்கு மொரிசியஸ்காரர் சிவா. பிறந்த வீட்டில் அவருக்குத் தமிழ் தேவாரத்தோடு சரி. எங்களோடு பழகிப் பழகி இப்போது அசல் யாழ்ப்பாணக்காரன் மாதிரிக் கதைக்கிறார். இத்தாலியர் சொன்னதை எல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். கையாட்டலை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாள்மீன்

ஓகஸ்ட் மாதம், நான்காம் மாடி வீடு. வழக்கம்போல முதலில் பிரிட்ஜின் வயரைப் பிடுங்கினேன். இரண்டு மணி நேரம் குனிந்து நின்று வேலை செய்தேன். கடைசிக் கட்டை ஒன்று மட்டும் மனதில் நெருடிக்கொண்டே இருந்தது. சரிதானா, இல்லையா? திரும்பத் திரும்பத் தட்டினேன். சரி என்று முடிவெடுத்துப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தெருமுனையில் மறுபடி சந்தேகம் வந்து, திரும்பி ஏறி, இன்னும் நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினேன். இரண்டு தரம் இறங்கியவனுக்கு ஒரு தரமாவது பிரிட்ஜின் ஞாபகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்காரச் சிஞ்ஞோரா போன் எடுத்தாள். ஞாயிறு விருந்துக்கு வாங்கி வைத்த முழு வாள்மீனும் ஜெலாத்தோ ஐஸ்கிரீமும் ஒன்றோடொன்று கலந்து சமையலறைத் தரையில் ஓடுகிறதாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் இடைமறித்து அமைதியாகச் சொன்னாள்: "பியானோ நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சமைக்கப் போகிறேன்."

சுத்தமான தப்பு

இது பழைய கதை, நான் முதன்முதலாகத் தனியே போன வீட்டில் நடந்தது. ஊரில் எட்டு வருடம் வயலின் படித்தவன் நான். இரண்டு கம்பிகள் ஒரு மயிரிழை விலகி நின்றால் சத்தம் 'வவ்... வவ்...' என்று அலையும். ஒன்று செக்கனுக்கு 440 தரமும் மற்றது 441 தரமும் அதிர்ந்தால் செக்கனுக்கு ஒரு அலை. பள்ளிக்கூடப் பௌதிகத்தில் இதற்கு 'அடிப்பு' என்று பெயர். வயலினில் ஷட்ஜமும் பஞ்சமமும் சேரும்போது அந்த அலை அடியோடு அடங்கவேண்டும். அடங்கினால்தான் எங்கள் வாத்தியார் அடுத்த வேலையைப் பார்ப்பார். அதே பழக்கத்தில் பியானோவிலும் ஒவ்வொரு பஞ்சமமாக அலை அடங்கும்வரை இழுத்து வைத்துக்கொண்டு போனேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

பிரச்சினை என்னவென்றால், பஞ்சமம் பஞ்சமமாகப் பன்னிரண்டு படி ஏறினால் தொடங்கிய சுரத்துக்கே திரும்பி வரவேண்டும். ஆனால் சுத்தமான பஞ்சமங்களில் ஏறினால் அரைச் சுரத்தில் ஏறக்குறையக் கால்வாசி தாண்டிப் போய்விடும். அந்த மிச்சம் எல்லாம் கடைசிப் பஞ்சமத்தில் போய் விழும். குடும்பத்தில் பதினொரு பேர் நல்லவர்களாக இருந்துவிட்டு எல்லாப் பழியையும் பன்னிரண்டாமவன் தலையில் கட்டியது மாதிரி. அது ஊளையிடுவதால் இந்த ஊரில் அந்தப் பஞ்சமத்துக்கு ஓநாய் என்று பெயர். வீட்டுக்காரி ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு நிமிடம் வாசித்துவிட்டுக் கையை எடுத்தாள். "தேவாலயத்துக்குள் போகிற மாதிரித் தொடங்கியது. வாசலிலேயே யாரோ நாயின் வாலை மிதித்துவிட்டார்கள்" என்றாள்.

அன்று மரீசாதான் வந்து எல்லாவற்றையும் கலைத்துத் திரும்பச் செய்தாள். பஞ்சமத்தைச் சுத்தமாக்கி, பிறகு வேண்டுமென்றே ஒரு கடுகளவு குறைத்தாள். அடுத்ததையும் அப்படியே. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு நல்ல பாலில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்ப்பதுபோல இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "பன்னிரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் தப்பாக இருக்கட்டும். ஓநாய்க்கு இருக்க இடம் கிடைக்காது."

முணுமுணுத்தவர்

மொண்டெல்லோவில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு வீடு. கணவனை இழந்த வயதான சிஞ்ஞோரா. ஒரு குறிப்பிட்ட கட்டையைத் தட்டினால் அறைக்குள் யாரோ முணுமுணுக்கிறார்கள் என்றாள். முன்பு வந்த இரண்டு சுருதிக்காரர்களும் அது அவளுடைய கற்பனை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நான் தட்டினேன். 'ஸ்ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம். எனக்கு வியர்த்தது. ஏனென்றால் அந்த வாரம்தான் என் காதுக்குள் ஓயாமல் இரைகிற ஒரு சில்வண்டு குடிவந்திருந்தது. சத்தம் அறைக்குள் இருக்கிறதா, என் தலைக்குள் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு உண்டு. அதே அதிர்வு காற்றில் வந்து தட்டினால் அதுவும் எழுந்து ஆடத் தொடங்கும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் கையாலும் பெரிய ஆளை ஆட்டலாம் அல்லவா, அதுதான். ஒரு கையால் கட்டையைத் தட்டிக்கொண்டு, மறுகையால் அறையில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக அமுக்கினேன். விளக்கு, கண்ணாடி அலுமாரி, மெழுகுதிரித் தண்டு. சுவரில் கணவருடைய படம். விரலை வைத்ததும் சத்தம் நின்றது. சட்டத்துக்குள் கண்ணாடி தளர்ந்திருந்தது. சத்தம் என் காதில் இல்லை, சுவரில்தான் என்று தெரிந்ததும் அந்த மனிதருடைய படத்தைக் கட்டிப்பிடித்திருப்பேன். கடதாசி ஒன்றை மடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் செருகப் போனேன். சிஞ்ஞோரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "வேண்டாம். உயிரோடு இருந்தபோதும் நான் அந்தச் சுரத்தைத் தொட்டால் அவர் இப்படித்தான் முணுமுணுப்பார்."

மரம் கடித்தவன்

சில்வண்டு போகவில்லை. பியானோவின் மேல் கோடியில் கம்பிகள் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று கம்பி. கடைசிக் கட்டை செக்கனுக்கு நாலாயிரம் தரத்துக்கு மேல் அதிரும். அங்கே அலை அடங்குகிறதா என்று காதைத் தீட்டினால் எனக்குக் கேட்டது சுத்தியல் மரத்தின் 'டக்' மட்டும்தான். பயந்துபோனேன். வேறு சொல் இல்லை. சுருதிக்காரனுக்குக் காது போனால் மிச்சம் என்ன? மறுபடி மாடிப்படி. அதற்கும் இப்போது முழங்கால் விடாது. வேலை இல்லையென்றால் இங்கே தங்குகிற பெர்மெஸ்ஸோ அனுமதியைப் புதுப்பிக்கக் க்வெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் எந்தக் கடதாசியை நீட்டுவது? மரீசாவுக்குச் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

சத்தம் காற்று வழியாக மட்டும் வருவதில்லை, எலும்பு வழியாகவும் போகும். இசைக்கவையைத் தட்டி அதன் காம்பைப் பல்லில் வைத்துப் பாருங்கள், மண்டை முழுக்கப் பாடும். அதை நினைத்துக்கொண்டு, ஆள் இல்லாத வீடுகளில் பியானோவின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு மேல் கட்டைகளைத் தட்டத் தொடங்கினேன். கேட்டது, அல்லது கேட்டதாக நம்பினேன். ஒருநாள் நான் அப்படிக் கவ்விக்கொண்டிருக்கும்போது சிவா உள்ளே வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். பிறகு கவலையோடு சொன்னார்: "அண்ணை, பசிக்குதெண்டால் சொல்லுங்கோ, கீழை போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வாறன். பியானோவைக் கடிக்காதேங்கோ."

முந்தாநாள் மீன்

பல்லும் கைவிட்டபின் போனில் ஓர் ஆப் இறக்கினேன். கட்டையைத் தட்டினால் முள் ஆடும், நடுவில் நின்றால் பச்சை விளக்கு. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. முதலாளியே சமையல்காரர். கடல் உப்பில் பாதிக் கம்பி துருப்பிடித்த பியானோ. கீழும் நடுவும் காதால் செய்தேன். மேலே பதினெட்டுக் கட்டையும் ஆப் சொன்னபடி. எல்லாம் பச்சை. பல நாளுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

இங்கேதான் பௌதிகம் என் காலை வாரியது. பியானோக் கம்பி நூல் இல்லை, இரும்பு. அதற்கு ஒரு விறைப்பு உண்டு. அதனால் ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் சேர்ந்து பாடுகிற மேல் சுரங்கள் கணக்கில் இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் ஏறியே நிற்கும். அதற்கு ஒத்துப்போக நாங்கள் மேல் கட்டைகளையும் கணக்கைவிடக் கொஞ்சம் ஏற்றி வைப்போம். காது உள்ளவனுக்கு இது தானாக வரும். நான் இறக்கிய இலவச ஆப்புக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கீழிருந்து மேலாக ஒரு தரம் விரலை ஓட்டினார். முகம் சுருங்கியது. "கீழே இருப்பது இன்று காலை பிடித்த மீன். மேலே இருப்பது முந்தாநாள் மீன்."

அவர் பட்டறைக்குப் போன் பண்ணியும் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் மரீசாவின் முன்னால் போய் நின்றேன். இருபது மடங்கு பேசுகிறவள் அன்று பேசியது இவ்வளவுதான்: "கடல் காற்று. கம்பி இறங்கும்."

மூன்று தரம் கத்திய மெஷின்

இது வாடிக்கையாளர் கதை இல்லை, என் வீட்டுக் கதை. எங்கள் வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் 'பீப்' என்று கத்தும். ஒரு வாரமாக அது கத்துவதை நிறுத்திவிட்டது. அதற்குள் இருக்கிற சின்னத் தகடு பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத்தைக் கழற்றி, திருகாணிகளைச் சட்டியில் போட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தகட்டில் பிழை ஒன்றும் தெரியவில்லை. திரும்பப் பூட்டி, ஒரு துவாயைப் போட்டு ஓடவிட்டுப் பக்கத்திலேயே காத்து நின்றேன். அது நின்றது, கத்தவில்லை. "பார், இப்பவும் கத்தேல்லை" என்றேன்.

மலர், என் மனைவி, அரிசி களைந்துகொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "இஞ்சேருங்கோ, அது மூண்டு தரம் கத்தினது. ஒரு கிழமையா ஒழுங்காத்தான் கத்துது. நாளைக்கு என்னோடை டொக்டரிட்டை வாறியள்."

காலி வீடு

காது டொக்டர் மேசை லாச்சியைத் திறந்து எடுத்தது என்ன தெரியுமா? ஓர் இசைக்கவை. என் ஆயுதத்தை என்மீதே திருப்பிவிட்டார்கள். முழங்கையில் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், பிறகு காதுக்கு முன்னால் பிடித்தார். எது பெரிதாகக் கேட்கிறது என்றார். முன்னால்தான் என்றேன். அப்படியானால் வழியில் அடைப்பு இல்லை, உள்ளேதான் கோளாறு என்றார். அதாவது நான் கடித்த மரம் எல்லாம் வீண். "ஒரு விஷயம், டொக்டர், உங்கள் கவை கொஞ்சம் இறங்கி நிற்கிறது" என்று சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. பின்னால் இருந்த மலர் என் முதுகில் கிள்ளினாள். டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. வைத்தியர்களின் கவை செக்கனுக்கு 512 தரம் அதிரும்படி செய்ததாம். எங்கள் பியானோவில் அந்தச் சுரம் 523. பிழை இரண்டு பேரிலும் இல்லை.

பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கீழே எல்லாம் அமுக்கினேன். மேலே போகப் போக வெறும் மௌனம். கையில் பொத்தானோடு அந்த மௌனத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்ததும் காட்டிய செவிப் பரிசோதனைப் படத்தில் கோடு பாதிவரை சமமாக வந்து, பிறகு மலையிலிருந்து கடலுக்குள் விழுவதுபோல விழுந்திருந்தது. காதருகே கட்டையை ஓங்கி ஓங்கித் தட்டுகிற தொழில் செய்த வேலையாம். போனது திரும்பாதாம். டொக்டர் படத்தின் இடப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார்: "இவ்வளவும் நல்ல குடித்தனம். மேல் மாடி மட்டும் காலி. இனி அங்கே யாரும் குடிவரமாட்டார்கள்."

நாலு பேர் வேலை

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஒரு சின்ன அரங்கில் சனிக்கிழமைக் கச்சேரிக்குப் பெரிய பியானோ. வெளியூரிலிருந்து வாசிக்கிறவர் வருகிறார். மூன்று நாளாகச் சிரொக்கோப் பாலைவனக் காற்று அடித்து, அந்த உலர்ந்த சூட்டில் ஒலிப்பலகை சுருங்கிச் சுருதி இறங்கிக் கிடந்தது. சிவா பியானோவை மேடையில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழுபது கட்டை செய்தேன். அவ்வளவும் நன்றாக வந்தது, எனக்கே தெரியும். எழுபத்தொன்றில் கை நின்றது. ஆப்பைத் திறந்தேன், மூடினேன். மேடையைச் சுற்றி நாலு தரம் நடந்தேன். மீன்கடையில் முந்தாநாள் மீன் போகலாம். இங்கே போகாது. மரீசாவுக்குப் போன் எடுத்து வரச் சொன்னேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "எனக்கு மேலே கேட்காது. பல மாதமாகக் கேட்காது. ஏமாற்றிக்கொண்டிருந்தேன்." வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றும் சொல்ல இருந்தேன், அதற்குள் அவள் மேடை ஏறிவிட்டாள்.

அவள் சாவியை எடுத்துக் கம்பி சுற்றிய முளையில் மாட்டினாள். ஒரு திருப்பு. வலியில் முகம் வெளிறியது. சாவியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கைச் சட்டையைச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இறுக்கிக் கட்டிய பட்டி. ஒரு வருடமாக ஒரு முளைகூட முழுசாகத் திருப்ப முடியவில்லையாம். "மீன்கடைக்காரன் போன் பண்ணிய அன்றே உன் காதைப் பற்றி எனக்குத் தெரியும். உன்னைக் கேட்டால் நீ என் கையைக் கேட்பாய் என்று விட்டுவிட்டேன். உனக்குள் ஓர் ஓநாய், எனக்குள் ஓர் ஓநாய், இரண்டையும் மறைத்து வைத்துச் சோறு போட்டிருக்கிறோம்" என்றாள். பிறகு பியானோவுக்குள் தலையை நுழைத்துக் கண்ணை மூடினாள். நான் சாவியைப் பிடித்தேன். அவள் காது, என் கை. "ஏற்று. இன்னும். நில்." பதினெட்டுக் கட்டை, ஐம்பத்து நாலு கம்பி. என் வாழ்க்கையில் திரும்பத் திரும்பச் சந்தேகப்படாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

கடைசிக் கம்பி முடிந்ததும் மரீசா ஒரு தரம் கீழிருந்து மேலே விரலை ஓட்டினாள். மேல் கோடியில் எனக்கு மரம் மட்டும் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இவ்வளவு நேரமும் துணியும் கையுமாக நின்ற சிவா மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, இதைத் தூக்கவே நாலு பேர் வேணும். சுருதி சேர்க்க மட்டும் ஏன் இவ்வளவு நாளும் தனியா நிண்டனீங்கள்?"

இப்போது மரீசாவையும் என்னையும் சேர்த்தால் ஒரு முழுச் சுருதிக்காரர் இருக்கிறார். பிரிட்ஜைத் திரும்பப் போட மறக்கிற வேலை ஒன்றைத்தான் நான் இன்னும் தனியாகச் செய்துகொண்டிருக்கிறேன்.